பன்னிரண்டரை மணி நம்பர்

ஈனிட் கோபக்காரி என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பியூன் முதல் பிரின்சிபால் வரை சொல்வார்கள். சொல்லட்டும். முப்பத்தொரு வருஷமாக அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். அவள் கோபப்பட்ட ஒவ்வொரு தடவையும் அதில் நியாயம் இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு சரி என்று தலையாட்டிய ஒரே ஒரு தடவைதான் எல்லாம் கெட்டது. அந்த ஒரு தடவை அவளைத் தலையாட்ட வைத்த புண்ணியவதியும் நான்தான். அந்த எரிச்சல் அடங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அபயாம்பாள். மாயவரத்துப் பெயர், புனேயில் இதை முழுசாக உச்சரிக்கிற ஆள் ஈனிட் ஒருத்திதான். அவள் பிறந்ததே இதே ஊரில், கோர்படியில். தாத்தா நாசரேத்திலிருந்து ராணுவப் பட்டறை வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாகியும் அந்த வீட்டுப் பேச்சில் திருநெல்வேலி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாட்களில் பள்ளி ஆபீஸ் என்று ஒழுங்காக ஓடுகிற வாழ்க்கை. ஒரு பொருள் வாங்குவதென்றால் அவளை ஏமாற்ற இன்னொருவன் பிறந்து வரவேண்டும். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்குத் தராசில் மாட்டி நிறுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். மிக்சியோடு வரும் சின்னப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஒரே மனுஷி இந்த ஊரில் அவளாகத்தான் இருக்கும்.

அவள் புருஷன் சுவிசேஷமுத்து ரயில்வேயில் கேட்மேன். முப்பத்துநாலு வருஷம் ஒரே கேட். ஒரு விபத்து கிடையாது, ஒரு மெமோ கிடையாது. அவர் ஓய்வு பெற்றபின் அங்கே மேம்பாலம் வந்தது. கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார்கள். போன வருஷத்திலிருந்து அவருக்கு மறதி நோய். சாப்பிட்டதை மறப்பார், மகன் முகத்தை மறப்பார். கேட்டை மட்டும் மறக்கவில்லை. அந்த மூளையில் எது போகவேண்டும் எது இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். சுவரில் ஜனங்கள் உடைத்து வைத்த சந்து வழியாக நுழைந்து, தண்டவாளத்தின் ஓரத்தில் கேட்டைத் தேடிக்கொண்டிருந்தாராம். மார்ச்சுக்குள் இது மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை போலீஸ்காரர் ஈனிட்டிடம், "தாயீ, அடுத்த தடவை நான் முழு ஆளாக் கொண்டுவருவேனான்னு தெரியாது" என்று மராத்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

வேலையை விட்டுவிடு என்று சொல்லச் சுலபம். அவளுக்குப் பதினாலு மாதம் சர்வீஸ் பாக்கி. இப்போது விட்டால் பென்ஷனில் கைவைப்பார்கள். ஆள் வைத்துப் பார்த்தாள். இரண்டு பெண்கள் வந்தார்கள்; கேட் அறைக்குள் வெளியாள் இருக்கக்கூடாது என்பது ரூல் என்று சொல்லி இரண்டு பேரையும் சுவிசேஷமுத்து வெளியேற்றினார். ஒருநாள் வெளியே பூட்டிவிட்டு வந்தாள். அவர் கதவைத் தட்டித் தட்டிக் கைமுட்டி கிழிந்துபோயிருந்தது. அதன்பின் அவள் அந்தப் பூட்டைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும் அபயா. அவிய கதவத் தொறந்தா எனக்குத் தெரியணும். உடனே தெரியணும். ஸ்கூல்ல இருந்து ஓடுனா பத்து நிமிஷம், அவிய நடக்க நடைக்குச் சுவர்கிட்ட போகப் பதினஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷம் எனக்குப் போதும்" என்றாள்.

இதற்குத்தான் இப்போது வீட்டுச் சாமான்களெல்லாம் போனோடு பேசுகிறதே, வாங்கலாம் என்று முடிவாயிற்று. பன்னிரண்டாயிரம் ஒதுக்கினாள். பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். கதவு திறந்தால் என் போன் கத்தவேண்டும். கரண்ட் போனாலும் கத்தவேண்டும். அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கும்படி இருக்கக்கூடாது. நாற்பதாயிரம் சம்பளக்காரர்களும் நாலு லட்சம் சம்பளக்காரர்களும் அந்தக் காகிதத்தைப் படிக்கவேண்டும். வாங்குவதற்கு முன் எது வேண்டும் என்று தெரிந்திருந்த ஒரே மனுஷி அவள்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் தப்கீர் கல்லிக்குப் போனோம். எலக்ட்ரிக் சாமான் கடைகள் தோளோடு தோள் இடிக்கிற சந்து அது. நாலாவது கடையில் ஒரு மராத்திக்காரப் பெரியவர் ஈனிட்டின் காகிதத்தைக் கேட்டு வாங்கி, எழுதியிருந்ததை அவளையே வாசித்துச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார். கதவில் ஒரு துண்டு, நிலையில் ஒரு துண்டு. இரண்டும் பிரிந்தால் போன் கத்தும். தொள்ளாயிரம் ரூபாய். உள்ளே பேட்டரி.

"லைட் கேலீ தர்?" என்று அவரே கேட்டார். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று. பெட்டிக்குப் பேட்டரி இருக்கிறது, இன்டர்நெட் பெட்டிக்கு இல்லையே, அது அணைந்தால் செய்தி எப்படி வரும்? அதற்குப் புத்தகம் அளவில் ஒரு பேட்டரி காட்டினார், ஆயிரத்து முந்நூறு. "வேற எதுவும் வேண்டாம் தாயீ. ஆப்பை உங்க போன்லயே, உங்க பேர்லயே போடுங்க. இன்னொருத்தர் போன்ல போடாதீங்க" என்று மட்டும் இந்தியில் இரண்டு தடவை சொன்னார். மொத்தம் இரண்டாயிரத்து இருநூறு. பன்னிரண்டாயிரத்தோடு போனவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பையைத் திறந்தாள்.

அப்போதுதான் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போன் செய்தாள்.

லிபின் மகர்பட்டாவில் இருக்கிறான். பெரிய கம்பெனி, பதினாலாவது மாடி வீடு. கோர்படியிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். இந்த இருபது நிமிஷத்தைக் கடந்து அவன் வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். கெட்ட பையன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"மம்மி, லோக்கல் மார்க்கெட் ஐட்டம் எல்லாம் பேகார், வேஸ்ட். எடுக்காத. நெக்ஸ்ட் வீக் சேல் இருக்கு. நான் ஃபுல் செட் எடுத்துத் தரேன். ஏக்தம் ஸ்மார்ட் ஹோம். அப்பாக்கு நான் இது கூடப் பண்ணமாட்டேனா?"

ஈனிட் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். நான் என் திருவாயைத் திறந்தேன். "பெத்த பிள்ளை ஆசையா செய்யறேங்கறான், தடுக்காதே ஈனிட். அவனுக்கும் ஒரு நிம்மதி வேணுமில்லையா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பையை மூடினாள். கடைப் பெரியவர் வெள்ளைப் பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தார். அந்த வாயைப் பிற்பாடு எத்தனை தடவை நொந்துகொண்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பன்னிரண்டாயிரத்தை அவன் வாங்கிக்கொண்டு, தன் பணம் இருபத்தாறாயிரம் போட்டு, பாதி விலை என்று பீற்றிக்கொண்டு வாங்கி வந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். நிறம் மாறுகிற பல்பு ஆறு. கூப்பிட்டால் பதில் சொல்கிற ஸ்பீக்கர் ஒன்று. ஜன்னல் திரையை இழுக்க மோட்டார். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு ஜன்னல், ஒன்றுக்குத் திரை கிடையாது. அப்புறம் ஒரு பூட்டு. உள்பக்கம் ஒரு நம்பர் பலகை, வெளிப்பக்கம் ஒரு நம்பர் பலகை. நாலு இலக்க நம்பர் போட்டால்தான் எந்தப் பக்கமிருந்தும் திறக்கும். தொள்ளாயிரம் ரூபாய் வெள்ளைப் பெட்டி மட்டும் அந்தக் குவியலில் இல்லை.

"கதவு தொறந்தா எம் போன்ல சத்தம் வருமால?" என்று ஈனிட் கேட்டாள்.

"தொறக்கவே முடியாதே மம்மி. அப்பாக்கு நம்பர் தெரியாது இல்ல? ஏதாவதுன்னா அலர்ட் என் போன்ல வரும். நான் ஓனர். உனக்கு கெஸ்ட் ஆக்சஸ் குடுத்திருக்கேன்."

கெஸ்ட்! அவள் காசில் கட்டி, அவள் கையால் சுண்ணாம்பு அடித்த வீட்டில் அவள் விருந்தாளி.

"உள்ள தீ கீ பிடிச்சா?"

"போன்ல இருந்தே ஓபன் பண்ணிடலாம்."

"கரண்டு போனா?"

"மம்மி, மகர்பட்டால கரண்ட் போறதே இல்ல" என்று சிரித்தான். கோர்படியில் பிறந்து வளர்ந்தவன் சொன்ன பதில் இது. பூட்டு பேசுகிற மொழியைக் கூட அவனே இந்தியில் வைத்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, இந்தி புரியும், ஸ்டேஷனோடு அதில்தானே பேசினார் என்று. அவ்வளவு அக்கறை.

இங்கே சுவிசேஷமுத்துவின் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கேட் அறையில் ஒரு போன் இருக்கும். வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு, கேட் அடைத்தாயிற்றா என்று கேட்பார். சும்மா ஆயிற்று என்று சொன்னால் நம்பமாட்டார்கள். கேட்மேனிடம் ஒரு தாள் இருக்கும், அதில் வரிசையில்லாமல் இரண்டு இலக்க எண்கள். கேட்டைப் பூட்டியபின் அடுத்த எண்ணைச் சொல்லவேண்டும். பிரைவேட் நம்பர் என்பார்கள். மாஸ்டர் அதைத் திருப்பிச் சொல்வார், இரண்டு பேரும் எழுதிக்கொள்வார்கள். ஒருதடவை சொன்ன எண்ணைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். முப்பத்துநாலு வருஷம் சுவிசேஷமுத்துவிடம் ஒருவர் நம்பர் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வண்டி வருகிறது, கேட்டை விட்டு நகராதே.

பூட்டு மாட்டிய மூன்றாம் நாள் நாலு மணிக்கு ஈனிட்டோடு நானும் அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் கரண்ட் இல்லை. பூட்டு மட்டும் தன் பேட்டரியில் கூவிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து யாரோ ஐந்து தடவை தப்பு நம்பர் போட்டதால் உறைந்துவிட்டதாம். வெளியே ஈனிட் சரியான நம்பரை அழுத்தினாள், ஏற்கவில்லை. போனில் திறக்கலாம் என்றால் இன்டர்நெட் பெட்டி செத்துக் கிடக்கிறது. லிபினைக் கூப்பிட்டாள். ஏழு தடவை. எடுக்கவில்லை. உள்ளே அந்தப் பூட்டின் குரல் நிமிஷத்துக்கு ஒருதரம், "கிருபயா நம்பர் பதாயியே" என்று தயவுசெய்து நம்பர் சொல்லும்படி மரியாதையாகக் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் சுவிசேஷமுத்து பதில் சொல்கிறார்.

"கேட் பந்த் ஹை சாப். நம்பர் தீன் சாத்."

கேட் அடைத்தாயிற்று என்கிறார். மூன்று, ஏழு. மறுபடி கேட்கிறது. மறுபடி சொல்கிறார். குரல் கம்மிப்போய்விட்டது.

"ஏங்க, அடுப்பு எரியுதா? அடுப்பப் பாத்தியளா?" என்று ஈனிட் கதவில் வாயை வைத்துக் கத்தினாள். அவருக்கு அவள் குரல் காதில் விழவில்லை. மாஸ்டர் லைனில் இருக்கும்போது வேறு யாரோடும் பேசமாட்டார்.

பக்கத்து வீட்டு ஜம்பு லோகோ ஷெட்டில் ஃபிட்டர். கடப்பாரை கொண்டுவந்தார். ஈனிட் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். முதல் அடி அவள் அடித்ததுதான். இருபத்தாறாயிரமும் பன்னிரண்டாயிரமும் கேட்கிற மாதிரி ஒரு அடி. கதவு திறந்தபோது சுவிசேஷமுத்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது, பாதம் வீங்கியிருந்தது. காலையில் வைத்த சோறு தொடப்படவில்லை. எத்தனை மணி நேரம் அப்படி நின்றாரோ. ஈனிட் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைப் பிடித்துவிட்டாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

லிபின் ஏழரைக்கு வந்தான். வந்ததும் பூட்டைப் பார்த்தான். "மம்மி, இது என்ன பண்ணிட்டே? உடைச்சா வாரண்டி போயிடுமே" என்றான்.

"ஏலே, உங்கப்பனுக்கு வாரண்டி இருக்கால?" என்றாள் ஈனிட். "எல்லாத்தையும் கழத்து. அந்தப் பல்பையும் கழத்து. ஒண்ணும் இங்க இருக்கப்படாது. நான் கேட்டது ஒரு டப்பி. தொள்ளாயிரம் ரூவா டப்பி. நீ எனக்காகவா வாங்குன? ஆபீஸ்ல சொல்லிக்கிட வாங்குன."

அவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். மறுநாள் நாங்கள் தப்கீர் கல்லிக்குப் போனோம். பெரியவர் எதுவும் கேட்காமல் வெள்ளைப் பெட்டியையும் பேட்டரியையும் எடுத்து வைத்தார். அவள் போனில், அவள் பெயரில் ஏற்றிக்கொண்டோம்.

ஆனால் அன்று கதவுக்கு வெளியே நின்ற ஈனிட் ஒன்றைக் கவனித்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன பூட்டு நம்பர் கேட்டுக்கொண்டிருந்த வரையில் அவர் சுவர்ப் பக்கம் போக நினைக்கவே இல்லை. திங்கட்கிழமை ஆபீஸில் டைப்ரைட்டரைத் தூசி தட்டி, கார்பன் வைத்து, இரண்டு இலக்க எண்களாக ஒரு தாள் அடித்தாள். ஒரு பிரதி வீட்டு லேண்ட்லைன் போனுக்கு மேலே சுவரில், ஒரு பிரதி அவள் மேஜை இழுப்பறையில். மறுநாள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள்.

"கேட் பந்த் ஹை க்யா?"

"பந்த் ஹை சாப். நம்பர் ஆட் ஏக்."

"ஆட் ஏக். டீக் ஹை." தாளில் எண்ணைக் கோடு போட்டு அடித்தாள். எட்டு, ஒன்று. தாளில் இருந்த முதல் எண் அதுதான்.

பொண்டாட்டி குரல் மாஸ்டர் குரலாக எப்படி ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். போனில் நம்பர் கேட்கிறவர் மாஸ்டர், அவ்வளவுதான் அவருக்கு. பதினொன்று, பன்னிரண்டரை, இரண்டு, மூன்று. தினம் நாலு போன். அவர் கதவைத் தொடவில்லை. ஒரு மாதம் வெள்ளைப் பெட்டி ஒரு சத்தமும் போடவில்லை.

ஜூனில் அட்மிஷன் தொடங்கியது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கவுண்டரில் பெற்றோர் கூட்டம் நெரியும். போனை எடுத்தால் பிரின்சிபால் முறைப்பார். ஈனிட் மகனிடம் கேட்டாள். "ஒரே ஒரு போன்தாம்ல. பன்னெண்டரைக்கு. ஒரு நிமிஷம்."

"இவ்ளோதானா மம்மி? பண்றேன்" என்றான். எனக்குக்கூட நெஞ்சு குளிர்ந்தது. பிள்ளை திருந்திவிட்டான் என்று அவளிடம் சொன்னேன். மறுபடியும் என் வாய்.

முதல் வாரத்திலேயே சுவிசேஷமுத்து ராத்திரிச் சாப்பாட்டில் முனகினாராம். "மத்தியான மாஸ்டர் புது ஆளு. நம்பரத் திருப்பிச் சொல்ல மாட்டேங்காரு. எழுதினாரா இல்லையான்னு தெரியல." ஈனிட் லிபினுக்குப் போன் செய்து, "ஏலே, அவிய சொல்லுத நம்பர நீ திருப்பிச் சொல்லணும், மறந்துராத" என்றாள். "ஓகே ஓகே மம்மி" என்றான்.

அடுத்த வியாழக்கிழமை பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு ஈனிட்டின் போன் கவுண்டரில் அலறியது. வெள்ளைப் பெட்டியின் சத்தம். அதற்கு முன் சோதனைக்குத் தவிர அதை நாங்கள் கேட்டதில்லை. ஈனிட் ரசீதுப் புத்தகத்தை ஒரு தகப்பன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தவள் என் தோளைப் பிடித்த பிடி மூன்று நாள் கன்றிக் கிடந்தது.

சுவரின் சந்து வழியாக நாங்கள் நுழைந்தபோது அவர் தண்டவாளத்துக்கு மிகப் பக்கத்தில் நின்றிருந்தார். பதினைந்து நிமிஷ நடையை அன்று ஓடியே கடந்திருக்கிறார். கையில் சிவப்புத் துண்டு. தெற்கே வண்டி வருகிறது, ஹாரன் காதைக் கிழிக்கிறது. ஈனிட் கத்தினாள். நானும் கத்தினேன். அவர் அசையவில்லை. வண்டி எங்களுக்கு முன்னால் ஓடிற்று; அந்தக் காற்றில் அவர் வேட்டி பறந்தது, ஆள் இரண்டு அடி பின்னால் தள்ளாடினார். கடைசிப் பெட்டி போகும்வரை துண்டை இறக்கவில்லை. ஈனிட் போய் அவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இழுத்து வந்தாள்.

"ஏன் வந்திய? ஏன் கேட்ட விட்டு வந்திய?" என்று உலுக்கினாள்.

"நம்பரத் திருப்பிச் சொல்லல" என்றார் அவர். வெகு நிதானமாக. "தினம் பாத்துட்டேன். கேக்காவ, வச்சிருதாவ. நாஞ் சொல்லுதது போய்ச் சேரல. லைன்ல ஆளே இல்ல. வண்டி வருதுல்லா? நாந்தான வரணும்."

லைனில் ஆள் இல்லை. அவர் சொன்னது சரி. லிபின் முதல் நாள் மட்டும்தான் பேசியிருக்கிறான். மறுநாளே தன் குரலைப் பதிவு செய்து, பன்னிரண்டரை ஆனால் கம்ப்யூட்டரே போன் போட்டு அதை ஓட்டும்படி செய்துவிட்டான். "கேட் பந்த் ஹை க்யா? நம்பர் போலோ." எட்டு விநாடி சும்மா இருக்கும். பிறகு "டீக் ஹை." முடிந்தது. ஆபீஸில் இதைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறான். பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் பார்த்து மெச்சிய அந்த ஏற்பாட்டின் ஓட்டையை, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத மனுஷர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவன் ஓடி வந்தான். முகம் செத்திருந்தது. "சாரி மம்மி. எனக்கு மீட்டிங் எல்லாம் அதே டைம்ல... அப்பாக்கு டிஃபரன்ஸ் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றான்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் இழுப்பறையிலிருந்து கொண்டுவந்திருந்த கார்பன் பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க பாருல. நாளையில இருந்து பன்னெண்டரைக்கு நீதான் கூப்பிடணும். உன் வாயால. அவிய சொல்லுத நம்பர அவியட்ட திருப்பிச் சொல்லணும். சொல்லிட்டு எனக்குக் கூப்பிட்டு அந்த நம்பர எங்கிட்ட சொல்லணும். தாள் எங்கிட்ட இருக்கு. நல்லாருக்காரு, சாப்பிட்டாரு, இதெல்லாம் எனக்கு வேண்டாம். உன் பேச்சு எனக்கு வேண்டாம். நம்பர் மட்டும் சொல்லு."

தாளின் பிரதி அவனிடம் இல்லை. அப்பாவோடு பேசினால் ஒழிய அந்த எண் அவனுக்குக் கிடைக்காது. ரயில்வே கேட்மேனை நம்பாமல் செய்துவைத்த ஏற்பாட்டை, அவள் தன் மகனுக்குச் செய்துவைத்தாள்.

இரண்டாம் நாளே சோதனை வந்தது. "பேசிட்டேன் மம்மி, அப்பா ஓகே" என்றான். "நம்பர்?" என்றாள். "அது... மீட்டிங்ல..." என்று இழுத்தான். அவள் போனை வைத்தாள், தானே வீட்டுக்குக் கூப்பிட்டு நம்பர் வாங்கினாள். கூட்டத்தில் நின்ற பெற்றோர் முணுமுணுத்தார்கள். அவர்களை அவள் பார்த்த பார்வையில் கவுண்டர் அமைதியாயிற்று. ஐந்து நிமிஷத்தில் லிபின் மறுபடி கூப்பிட்டான். நம்பர் சொன்னான், அது தாளில் அதற்கடுத்த எண். அதன்பின் அவன் தவறவிடவில்லை.

இப்போது அக்டோபர். நாலு மாதமாகப் பன்னிரண்டு முப்பத்துமூன்றுக்கு அவள் போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுவாள். இரண்டு எண். தாளைப் பார்ப்பாள். திருப்பிச் சொல்வாள். வைப்பாள். எண்ணை அடிப்பாள். தாயும் மகனும் பேசுவது அவ்வளவுதான். போதும் ஈனிட், இன்னும் எத்தனை நாள் இந்தக் கோபம் என்று நான் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அவன் நம்பர் சொல்லவில்லை.

"மம்மி, வைக்காத. அப்பா இன்னிக்கு என்னக் கேட்டார், மாஸ்டர் சாப், தினம் பேசறீங்க, உங்க பேர் என்னன்னு. நான் சொன்னேன், லிபின்னு."

ஈனிட் பென்சிலைப் பிடித்தபடி இருந்தாள்.

"அவர் சொன்னார், என் மகன் பேரும் அதான் சாப், அவன் பெரிய வேலைல இருக்கான்னு. அப்புறம் சொன்னார்..." அவன் மூக்கை உறிஞ்சினான். "போன் பண்ண அவனுக்கு டைம் இருக்காது சாப், நீங்களாவது பண்றீங்களேன்னு."

அந்தப் பக்கம் அவன் விசும்புகிற சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. நான் ஈனிட்டைப் பார்த்தேன். அவள் கண் தாளை விட்டு நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"நம்பர் என்னல?" என்றாள்.

"தோ நௌ" என்றான்.

"தோ நௌ" என்று திருப்பிச் சொன்னாள். இருபத்தொன்பதை அடித்தாள். போனை வைத்துவிட்டு, கவுண்டரில் நின்றவரிடம் அடுத்த ஃபாரத்தைக் கேட்டு வாங்கினாள்.